கிரெடிட் கார்டா, மோட்டார் சைக்கிள் லோனா: சுங்கை சிப்புட்லேருந்து ஒரு ரிவியூ

நாளைக்கு கடன் கேட்டா கிடைக்கற மாதிரி பேங்க்ல நல்ல பேர் வரணும்னா கிரெடிட் கார்டு எடுன்னு ஆளாளுக்கு சொல்றாங்க, நானும் ஒண்ணு எடுத்து பெட்ரோலுக்கும் போன் பில்லுக்கும் மட்டும் தேய்ச்சிட்டு வர்றேன். சாமான் நல்ல சாமான்தான், ஆனா நம்ம ஊருல எல்லாருக்கும் பொருந்துமான்னா இல்ல.

தோட்டத்து வீடு வேலை இருக்கற வரைக்கும்தான், ரிட்டயர் ஆனா சாவிய குடுத்துட்டு தாமான்ல, அதாவது குடியிருப்புல, வீடு தேடணும், அப்ப லோன் குடுக்க பேங்க்காரன் பாக்கறது சிசிரிஸ் (CCRIS). மலேசியாவோட மத்திய வங்கி பேங்க் நெகாரா வெச்சிருக்கற பதிவு, கடைசி 12 மாசம் நீங்க கடன் கட்டுன லட்சணம் நம்பரா நிக்கும். ஒழுங்கா கட்டுனா 0, ஒரு மாசம் பாக்கின்னா 1. ஸ்கூல்ல முட்டை வாங்குனா அடி விழும், இங்க முட்டை வாங்குனாதான் பாஸ்.

கூட்டு (சீட்டு) கட்றது, தௌகே (முதலாளி) கடை கடன் கணக்கு இதெல்லாம் எவ்வளவு நாணயமா கட்டுனாலும் அதுல ஏறாது. (கூட்ட தொழிலா நடத்துறதுக்கு 1971லயே தடைச் சட்டம் வந்துருச்சு, அது வேற கதை.) நம்ம ஊர் எம்பியா இருந்த துன் சம்பந்தன் 1960ல ஆரம்பிச்ச நில நிதி கூட்டுறவுல பெருசுங்க பங்கு வாங்கி வெச்சிருப்பாங்க, அது சொத்து, ஆனா கடன் இல்லயே, அதனால அதுவும் வராது. டெபிட் கார்டும் அதே கதைதான்.

கார்டுல எனக்கு பிடிச்சது, பில்லு வந்ததும் முழுசா கட்டிட்டா வட்டி ஒரு காசு கிடையாது, வருஷத்துக்கு 25 வெள்ளி (ரிங்கிட்) வரி மட்டும், சிசிரிஸ்ல மாசாமாசம் முட்டை விழுது. ஆனா மினிமம் கட்டுனா போதும்னு நினைச்சீங்க, போச்சு. 1000 வெள்ளி பாக்கிக்கு 5 பர்சன்ட்னு 50 வெள்ளி கட்டுனா, வருஷத்துக்கு 18 பர்சன்ட் வட்டியில கிட்டத்தட்ட 15 வெள்ளி அந்த மாச வட்டிக்கே போயிரும், அசல் கொறையறது 35தான். ஏடிஎம்ல கார்டு போட்டு காசு எடுக்கறத பத்தி பேசவே வேணாம்.

பெரிய சிக்கல் வாசல்லயே இருக்கு. கார்டுக்கு வருஷம் 24,000 வெள்ளி வருமானம் காட்டணும், குறைஞ்சபட்ச சம்பளம் மாசம் 1,700ன்னா வருஷத்துக்கு 20,400தான் ஆவுது, ஓட்டி (ஓவர்டைம்) இல்லாத பால்வெட்டு ஆளுக்கோ ஃபேக்டரி தம்பிக்கோ எட்டாது. அவங்களுக்கு மோட்டார் லோன்தான் சரி, வட்டி மொத மாசத்துலேருந்தே ஓடும்தான், ஆனா எப்படியும் வேலைக்கு போக மோட்டார் வேணுமே லா. பேங்க் லோனான்னு கேட்டுக்கோங்க, கடைக்காரர் சொந்தமா எழுதற தவணைய கட்டி பதிவு ஏறும்னு நம்பிட்டு இருக்காதீங்க.

அப்புறம், மச்சானுக்கு வண்டி எடுக்க உங்க பேரு குடுக்காதீங்க, ஓட்டறது அவரு, தவணை கட்டாம விட்டா 1, 2ன்னு ஏறறது உங்க பேருல. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இசிசிரிஸ்ல (eCCRIS, சிசிரிஸோட ஆன்லைன் சேவை) உங்க பதிவ ஒருவாட்டி பாத்துக்கோங்க, அது ஃப்ரீ.