மாயவரத்தில் ஒரு ஹோமோசிஸ்டீன் பரிசோதனை

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற காரியம், அப்பா அம்மாவுக்கு ஃபுல் பாடி செக்கப் எடுப்பது. இந்த முறை மாயவரத்தில் அப்பாவுக்கு நானும் எடுத்தேன். வந்த ரிப்போர்ட்டில் ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம்) என்ற ஒரே ஒரு வரி வீட்டையே கலங்கடித்துவிட்டது. அதே பேக்கேஜை எடுக்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ரத்தம் எடுக்க வந்த தம்பியைப் பாராட்டத்தான் வேண்டும். சொன்ன நேரத்துக்கு, விடிந்தும் விடியாமலும் பைக்கில் வந்துவிட்டார். புதுக் கையுறை, புது ஊசி. டியூபில் ஒட்டிய பெயரை அப்பாவிடமே வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். ஊசி குத்தியதே தெரியவில்லை என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ராத்திரியே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிட்டது. நான் இருக்கும் இங்கிலாந்தின் அரசு மருத்துவத்தில் டாக்டர் எழுதித் தராமல் இப்படி நினைத்த நேரத்தில் ரத்தம் கொடுத்துவிட முடியாது. அதிலும் ஹோமோசிஸ்டீனைச் சாதாரணமாகப் பார்ப்பதே இல்லை.

ரிப்போர்ட்டில் 31 மைக்ரோமோல் என்று சிவப்பு எழுத்து. 15-க்குள் இருக்க வேண்டுமாம். பக்கத்திலேயே ‘இதய நோய் அபாயம்’ என்று ஒரு குறிப்பு. பெரியப்பா அதைப் படித்துவிட்டு, சென்னைக்குக் கூட்டிப்போய் ஆஞ்சியோ பார்த்துவிடலாம் என்று கிளம்பத் தயாராகிவிட்டார்.

பேக்கேஜோடு ஃபோனில் ஒரு ‘இலவச ஆலோசனை’ உண்டு. பேசியவர் ரிப்போர்ட்டில் இருந்ததையே திரும்ப வாசித்துவிட்டு, ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கிப் போடுங்கள் என்று முடித்துக்கொண்டார். நல்லவேளை, அதை வாங்குவதற்குள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கிளினிக் வைத்திருக்கும் வயதான டாக்டரிடம் போனோம்.

அவர் ரிப்போர்ட்டை அப்புறம்தான் பார்த்தார். முதலில் அப்பாவின் காலைப் பார்த்தார். ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்து, “அதிர்வு தெரியுதாய்யா?” என்றார். அப்பாவுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னார், அப்பா தள்ளாடினார். பாதம் மரத்துப்போவதாக அப்பா கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். சுகர்தான் காரணம் என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

“சைவமா? மெட்ஃபார்மின் எத்தனை வருஷமா? அசிடிட்டி மாத்திரை தினமும் உண்டா?” சைவ உணவு, சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின், அசிடிட்டி மாத்திரை மூன்றுமே பி12 வைட்டமினைக் குறைக்கக்கூடியவை. பதிலைக் கேட்டதும் பி12 பரிசோதனை எழுதினார். பிறகுதான் 31-ஐப் பார்த்து என்னிடம் கேட்டார்: “ஏம்மா, ரத்தம் வீட்டுலயா எடுத்தீங்க? எவ்வளவு நேரம் கழிச்சு லேபுக்குப் போச்சு?”

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. தம்பி எங்கள் வீட்டிலிருந்து இன்னும் பல வீடுகளுக்குப் போனார். பையில் ஐஸ் பெட்டி இல்லை. வெயிலோ சித்திரை வெயில். டியூபுக்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறிவிடும். எடுத்தவுடன் ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் சுற்றி, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைத் தனியே பிரித்துவிட வேண்டும். டாக்டர் சொன்ன லேபில் ரத்தம் எடுக்கிற அறைக்குப் பக்கத்திலேயே அந்த மெஷின் இருந்தது. அங்கே மறுபடி எடுத்தோம். 22 வந்தது. பி12 வெறும் 140 பிகோகிராம். 200-க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள்.

ஆக, ஹோமோசிஸ்டீன் ஏறியிருந்தது உண்மைதான். ஆனால் அது காட்டிய இடம் இதயம் இல்லை, நரம்பு. பி12 குறைந்தால் கெடுவது அதுதான்.

ஹோமோசிஸ்டீன் ஒரு அமினோ அமிலம். புரதம் கட்டுவதற்கு உடம்பு இதைப் பயன்படுத்துவதில்லை. பருப்பிலும் பாலிலும் உள்ள மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தை உடம்பு செலவழிக்கும்போது நடுவில் உண்டாவது இது. உண்டானதை மறுபடி மெத்தியோனைனாக மாற்ற பி12, ஃபோலேட் (மாத்திரையில் ஃபோலிக் ஆசிட்) என்ற இரண்டு வைட்டமின்களும் வேண்டும். சிஸ்டீனாக மாற்ற பி6 வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ரத்தத்தில் தேங்கும். சிறுநீரகம் பழுதானாலும், தைராய்டு குறைந்தாலும் ஏறும்.

இதய பயம் எங்கிருந்து வந்தது? பிறவியிலேயே இந்த அமிலம் எக்கச்சக்கமாகத் தேங்கும் ஹோமோசிஸ்டினூரியா என்ற அரிய நோயில் சின்ன வயதிலேயே ரத்தக்குழாய்கள் கெட்டுப்போகும், கண் லென்ஸ் இடம் விலகும். அப்படி இறந்த குழந்தைகளின் ரத்தக்குழாய்களைப் பார்த்த கில்மர் மெக்கல்லி என்ற அமெரிக்க மருத்துவர், 1969-ல் இதையும் மாரடைப்பையும் இணைத்து எழுதினார். பிறகு ஆயிரக்கணக்கானோருக்கு வைட்டமின் கொடுத்துச் சோதித்தார்கள். 2006-ல் நார்விட், ஹோப்-2 என்ற இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தது. ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. ஹோப்-2-வில் பக்கவாதம் மட்டும் ஓரளவு குறைவாகத் தெரிந்தது. இத்தனை வருடம் கழித்தும் ரிப்போர்ட்டில் அந்தப் பழைய குறிப்பை அச்சிட்டு வயதானவர்களைப் பயமுறுத்துவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. 140-ல் கிடந்த பி12 அந்தப் பேக்கேஜிலேயே இல்லை என்பது அதைவிடப் பெரிய கோபம்.

ஃபோனில் சொன்ன ஃபோலிக் ஆசிட்டுக்கு டாக்டர் தலையை ஆட்டி மறுத்தார். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை மட்டும் சரியாகிவிடும். நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும். மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் போன உணர்ச்சி முழுதாகத் திரும்பாமலே போகலாம்.

அப்பாவுக்கு மெத்தில்கோபாலமின் என்ற பி12 ஊசி போட ஆரம்பித்தார். கிளினிக் நர்ஸ் அக்கா, அப்பாவுக்கு மாடிப்படி ஏற முடியாத நாட்களில் வீட்டுக்கே வந்து போட்டார்கள். அதற்குத் தனிக்காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

நீங்கள் இந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், பேக்கேஜில் பி12 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டுக்கு வருகிறவரிடம் ஐஸ் பெட்டி உண்டா, அடுத்து எங்கே போகிறார் என்று கேளுங்கள். முடிந்தவர்கள் லேபுக்கே போய்க் கொடுப்பது நல்லது. மெட்ஃபார்மின் தொடர்கிற வரை அப்பாவுக்கு வருடம் ஒருமுறை பி12 பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஹோமோசிஸ்டீன் இனி வேண்டாமாம்.