மே மாதக் கடற்கரையில் கேரவன்: விசிறியா, ஏசியா, ஈரம் உறிஞ்சும் டப்பாவா?

ராமேஸ்வரம் போகும் வழியில் அரியமான் கடற்கரை, கேரவனில் இரண்டாம் நாள் காலை. அம்மா டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏப்பா, மூடிய சரியா மூடலியா? நமுத்துப் போச்சே."

மூடியில் தப்பில்லை. ராத்திரி அம்மாவே இரண்டு முறுக்கு எடுத்துவிட்டு மூடியதுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே போன காற்று போதும். தலையணை உறை கன்னத்தில் ஒட்டியது. தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் வழன்று வந்தது. முந்தின நாள் கடலில் குளித்துவிட்டுக் காயப்போட்ட தேங்காய்ப்பூத் துண்டு போட்ட ஈரத்தோடு அப்படியே தொங்கியது. ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து மெத்தையைத் தூக்கினேன். அடியில் பிளைவுட் பலகை முழுக்க மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். பூசணம்.

அதன்பிறகு மூன்று கோடையிலும் அதே வண்டியில் அதே ராமேஸ்வரம் பக்கம் போய்வந்தோம். டெம்போ டிராவலரை வீடுபோல மாற்றிய வண்டி. உள்ளே ஏறக்குறைய 13 கன மீட்டர் இடம், படுப்பது நான்கு பேர். மேற்கூரை விசிறி, ஏசி, ஏர் கூலர், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் இயந்திரம், ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா என எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது. மதுரையிலிருந்து கடலுக்கு வண்டி கட்டும் யாரும் எங்களைப்போல் மெத்தையைப் பாழாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேரவன் ஈரம் பற்றிக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வது. அங்கே வெளிக்காற்றில் நீராவி குறைவு. ஈரம் உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் வருகிறது. ஜன்னலைத் திறந்தால் அது வெளியே போய்விடும். மே மாதம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கதை தலைகீழ். ஈரம் வெளியே நிற்கிறது, ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருகிறது.

கத்திரி வெயிலில் மதுரையில் 39 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவி இருக்கும். அதே நாள் ராத்திரி கடற்கரையில் 29 டிகிரி, 80 சதவீதம் என்றால் 23 கிராம். வெப்பம் 10 டிகிரி இறங்கியும் காற்றில் தண்ணீர் கூடியிருக்கிறது. மானாமதுரையில் வாங்கிய பானை இதைக் கணக்கில்லாமலே காட்டிவிட்டது. ஊரில் ஜில்லென்று தண்ணீர் கொடுக்கும் பானை, கடல் நெருங்கும் உச்சிப்புளி தாண்டியதும் சோர்ந்துவிட்டது. ஓடு வழியாகக் கசியும் நீர் ஆவியானால்தானே பானை குளிரும்?

பார்க்க வேண்டிய எண் ஈரப்பத சதவீதம் இல்லை, பனிநிலை. அதாவது எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் ஒரு பொருள்மேல் நீர் கோக்கும் என்பது. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு வெப்பமானியை வையுங்கள். ஐஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரின் வெளிப்புறம் பளபளப்பு மங்கி முதல் மூட்டம் படியும்போது வெப்பமானி என்ன காட்டுகிறதோ அதுதான் ஏறக்குறைய பனிநிலை. மேலே சொன்ன மதுரைக் காற்றுக்கு 21 டிகிரி, கடற்கரைக் காற்றுக்கு 25. இந்த 25-ஐ மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் விசிறி. கூரையில் 14 அங்குல ஓட்டையில் உட்காரும் 12 வோல்ட் விசிறி, காற்றை வெளியே தள்ளும்படி ஓட வேண்டும். காற்று வரும் பக்கத்தில் தாழ்வான ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும். நடுத்தர வேகத்தில் 30 வாட் அளவு இழுக்கும். ராத்திரி 8 மணி நேரத்துக்குக் கால் யூனிட்கூட ஆகாது. இதனால் உள்ளே ஈரப்பதம் குறையாது, வெளியே 80 என்றால் உள்ளேயும் 80-தான். ஆனால் பெரும்பாலும் வண்டிக்குள் எந்தப் பொருளும் காற்றைவிடக் குளிர்ந்து போவதில்லை, அதனால் எங்கும் நீர் கோக்காது. தூங்கும் ஒரு ஆள் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 40 கிராம் அளவுக்கு ஈரம் விடுகிறார். நான்கு பேர், 8 மணி நேரம் என்றால் ஒன்றேகால் லிட்டர். அதை அவ்வப்போதே விசிறி வெளியேற்றிவிடும். உடம்பில் காற்றுப் படுவதால் கசகசப்பும் தெரியாது.

விசிறிக்கு ஒரு பலவீனம் உண்டு. மேகமில்லாத ராத்திரியில் கூரைத் தகடு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்து, விடிவதற்கு முன்னால் காற்றின் வெப்பத்துக்கும் கீழே போய்விடும். மேலே துணியோ தெர்மக்கோலோ மூடாத இரும்புச் சட்டம், ஸ்குரூ தலை எல்லாம் 25-ஐத் தொட்டால் முத்து முத்தாகக் கோக்கும். ஒருமுறை நாலரை மணிக்கு என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்துதான் இதைக் கண்டுபிடித்தேன். கூரையின் உட்புறத்தில் நைட்ரைல் ரப்பர் ஃபோமை இடைவெளி விடாமல் தகட்டோடு ஒட்டிய பிறகு அந்தத் தொந்தரவு இல்லை. கண்ணாடிக் கம்பளி வேண்டாம், அது நனைந்தால் காயவே காயாது.

அடுத்தது ஏர் கூலர். இது என் மனைவியின் தம்பி கொண்டுவந்த யோசனை. "மச்சான், வீட்டுல ஏசி தோத்துரும், அப்படி இருக்கு. இதையே வண்டியில தூக்கி வச்சிருவோம்" என்றான். மதுரையில் அவன் சொன்னது உண்மை. கடற்கரையில் அது மணிக்கணக்கில் தண்ணீரை வண்டிக்குள் தூவியது, குளிர்ச்சி மட்டும் வரவில்லை. பானைக்கு நேர்ந்ததேதான். ராத்திரி 11 மணிக்கு அவனே எழுந்து, "மச்சான், சொல்றேன், இது வேணாம்" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டான். கூலரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஏசி நிஜமாகவே ஈரத்தை வெளியே எடுக்கிறது. ஒருநாள் வடிகுழாய்க்குக் கீழே வாளி வைத்துப் பார்த்தேன், காலையில் இரண்டரை லிட்டர் நின்றது. ஆனால் முதல் வருடம் எங்கள் மெத்தையைக் கெடுத்ததும் இதே ஏசிதான், அதாவது நாங்கள் அதைப் பயன்படுத்திய விதம்.

வண்டியை மாற்றித் தந்தவர் 'பெருசாப் போட்டா நல்லா கூலாகும் சார்' என்று ஒன்றரை டன் ஏசியை மாட்டியிருந்தார். 13 கன மீட்டர் இடத்துக்கு அது மிகப் பெரிது. ஐந்தே நிமிடத்தில் சொன்ன டிகிரியை எட்டி கம்ப்ரசர் நின்றுவிடும். விசிறி மட்டும் ஓடும். ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில் (காயில்) ஒட்டிய நீர் வடிவதற்கு முன்பே திரும்ப ஆவியாகி உள்ளே வந்துவிடும். உடம்பு சில்லென்று இருக்கும், காற்று ஈரமாகவே இருக்கும். அதோடு நாங்கள் 20 டிகிரி வைத்திருந்தோம். பிள்ளைகள் கதவைத் திறந்து இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார்கள். 25 டிகிரி பனிநிலைக் காற்று 20 டிகிரி அலமாரிக் கதவுமேல் பட்டால் என்ன ஆகும்? ஸ்டீல் பிடியெல்லாம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்புபோல வியர்த்தது. மெத்தைக்கு அடியில் குளிர்ந்து கிடந்த பலகையும் அப்படித்தான் நனைந்திருக்க வேண்டும். அங்கே காற்று ஓட வழியே இல்லை.

இப்போது இருப்பது முக்கால் டன் இன்வெர்ட்டர் ஏசி. ஈரம் எடுப்பதற்கென்றே இருக்கும் டிரை மோடில், வெளிக்காற்றின் பனிநிலையைவிட ஒன்றிரண்டு டிகிரி மேலே, அதாவது 26 அல்லது 27-இல் வைக்கிறோம். கதவு எத்தனை முறை திறந்தாலும் உள்ளே எதுவும் பனிநிலைக்குக் கீழே போவதில்லை, அதனால் நனைவதில்லை. காற்று வறண்டிருப்பதால் 27-லேயே போர்வை கேட்கிறது.

ஏசி ஓடும்போது ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. ஈர விஷயத்தில் அதைவிட மோசமானது இல்லை. ஏசி இறைப்பதை ஜன்னல் திரும்ப நிரப்பும். திறந்தால் எல்லாவற்றையும் திறந்து விசிறி போடுங்கள், ஏசி என்றால் ஜன்னல்களை மூடுங்கள். ஆனால் மூச்சுக்காக வண்டியில் வைத்திருக்கும் சின்ன வென்ட்டை எந்தக் காரணத்துக்கும் அடைக்கக் கூடாது. ஏசிக்காக இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது. புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை, உயிரை எடுத்துவிடும்.

சரி, மின்சாரம்? எங்கள் முக்கால் டன் ஏசிக்கு ராத்திரி மூன்று நான்கு யூனிட் வேண்டும். 12 வோல்ட் 200 ஆம்பியர் லித்தியம் பேட்டரியில் இருப்பதே இரண்டரை யூனிட்தான். தங்குமிடத்தில் 15 ஆம்பியர் பிளக் கிடைக்கும் ராத்திரிகளில் ஏசி, சவுக்குத் தோப்பு ஓரம் நிறுத்தும் ராத்திரிகளில் விசிறி. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் விசிறியைத்தான் வைத்துக்கொள்வேன். மூன்று ராத்திரி 80 சதவீதத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து வண்டியைக் காயவைத்தால் பூசணத்துக்கு அவகாசம் கிடைப்பதில்லை. பத்து நாள், பதினைந்து நாள் கடலோரமே தங்குகிறவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு ஏசி தேவை.

டிஹியூமிடிஃபையரில் இரண்டு வகை. கம்ப்ரசர் இல்லாமல் மின்சாரத்தால் ஒரு தகட்டைக் குளிரவைக்கும் பெல்டியர் வகை சின்னது, சத்தமில்லாதது, விலையும் குறைவு. நான் வாங்கியது முழுநாள் ஓடியும் ஒரு டம்ளர் தண்ணீர்தான் எடுத்தது. ஒரு ஆள் ஒரு ராத்திரி விடும் ஈரத்துக்கே அது காணாது. கம்ப்ரசர் வகை உண்மையாக வேலை செய்யும், ஆனால் அதன் சூடு முழுக்க உள்ளேயே தங்கும். ஒரு லிட்டர் நீராவி நீராக மாறும்போது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் வெளிப்படும். அதோடு இயந்திரம் தின்னும் மின்சாரமும் சூடாகத்தான் மாறும். சின்ன வண்டிக்குள் அரை கிலோவாட் ஹீட்டர் வைத்தது மாதிரி. ஆள் தூங்கும்போது முடியவே முடியாது. எல்லோரும் கோயிலுக்குப் போய் வண்டி பூட்டிக் கிடக்கும் மூன்று மணி நேரத்தில், பிளக் இருந்தால், இதைவிட நன்றாக மெத்தையையும் துணியையும் காயவைப்பது வேறில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் மதுரையில் வண்டி சும்மா நிற்கும்போதும் இதுதான் கைகொடுக்கிறது.

கால்சியம் குளோரைடு டப்பாவைத்தான் நிறையப் பேர் முதலில் வாங்குகிறார்கள். வெள்ளைக் கட்டிகள் மெல்ல உருகிக் கீழே தண்ணீர் சேருவதைப் பார்த்தால் பெரிய வேலை நடப்பதாகத் தோன்றும். அந்தத் தண்ணீர் சேரப் பல நாள் ஆகிறது, நம் மூச்சோ ஒரே ராத்திரியில் ஒன்றேகால் லிட்டர் விடுகிறது. திறந்த வண்டியில் வைப்பது வீண். இறுக மூடும் துணி அலமாரிக்குள் வைத்தால் நல்ல பலன் உண்டு. வண்டி ஓடும்போது கவிழாமல் கட்டிவையுங்கள், அந்த நீர் இரும்பை அரிக்கும். சிலிக்கா ஜெல் காற்றுப்புகாத டப்பாவில் கேமரா, மாத்திரை, ஆர்.சி. புத்தகம் இவற்றுக்குப் போதும். அம்மா சொன்ன அடுப்புக்கரி வாடையை எடுத்தது, ஈரத்தை எடுக்கவில்லை.

கருவி எதுவானாலும் உள்ளே ஈரத்தைக் கொண்டுபோகாமல் இருப்பது பாதி வேலை. சமையல் கேஸ் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும், இட்லி ஆவி தனி. அடுப்பை வெளியே, தார்ப்பாய் நிழலில் வைத்துவிட்டோம்.

துண்டு காயாததற்குக் காரணம் உப்பு. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசிய உப்பு அதற்கு முன்பே இழுக்கும். கடல்நீர் ஊறிய துண்டை எவ்வளவு நேரம் தொங்கவிட்டாலும் ராத்திரி திரும்ப நனையும். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழிந்தால் போதும். தேங்காய்ப்பூத் துண்டுக்குப் பதில் விளக்குத்தூண் பக்கம் வாங்கிய ஈரிழைத் துண்டுகளை எடுத்துப்போகிறோம், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகின்றன. பிள்ளைகள் காலையும் வண்டிப் படியையும் குவளைத் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் ஏறுவார்கள், இல்லாவிட்டால் தரையே பிசுபிசுக்கும்.

மெத்தையையும் மாற்றிவிட்டோம். ஃபோமுக்குப் பதில் தேங்காய் நார், பிளைவுட்டுக்குப் பதில் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடித்த மரச் சட்டங்கள்.

திரும்பும்போது பரமக்குடி தாண்டி, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துகிறோம். எல்லாக் கதவும் திறந்து, மெத்தைகள் நிமிர்ந்து, அலமாரிகள் வாய் பிளந்து நிற்க, கூரை விசிறி முழு வேகத்தில் ஓடும். போன மே மாதம் அப்படி நின்றபோது அம்மா மெத்தைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "மொறமொறன்னு இருக்குப்பா" என்றார். அப்புறம் முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனார்.