வடிவமைப்பா, பரிணாமமா? டோவர் வழக்கில் மோதிய இரண்டு விளக்கங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டோவர் பள்ளி வாரியத்தின் மீது 11 பெற்றோர் தொடுத்த வழக்கு 2005-இல் விசாரணைக்கு வந்தது. உயிரியல் வகுப்பில் பரிணாமத்துக்கு மாற்றாக அறிவார்ந்த வடிவமைப்பை மாணவர்களிடம் குறிப்பிட வேண்டும் என்று வாரியம் சொன்னதுதான் காரணம். உயிர்கள் படிப்படியாக மாறி உருவாயின என்பது பரிணாமம்; அறிவுள்ள ஒரு சக்தி அவற்றை வடிவமைத்தது என்பது வடிவமைப்பு வாதம். இந்த இரண்டு விளக்கங்களும் அங்கே நேருக்கு நேர் நின்றன.

அறிவார்ந்த வடிவமைப்புக்காகப் பேசியவர் உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. பாக்டீரியாவின் கசையிழையை அவர் உதாரணம் காட்டினார். மோட்டார் போலச் சுழலும் அந்த வாலில் ஒரு பாகம் இல்லாவிட்டாலும் ஓடாது. ஆகவே அது படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்றார். கேட்டவுடன் மனதைப் பிடிக்கும் வாதம்தான்.

பரிணாமத்தின் பக்கம் உயிரியலாளர் கென்னத் மில்லர். அவர் கத்தோலிக்கர் என்பதையும் சொல்ல வேண்டும். இது நம்பிக்கைக்கு எதிரான சண்டை அல்ல. மில்லரின் பதில் இது: கசையிழையின் புரதங்களை ஒத்த சிலவற்றை மட்டும் கொண்ட ஓர் அமைப்பு, சில நோய்க்கிருமிகளில் நச்சுப் புரதங்களைச் செலுத்துகிறது. அதாவது, முழுமையடையாத அமைப்புக்கும் வேறொரு வேலை இருக்கலாம்.

எனக்கு இதைவிட வலுவாகப் படுவது குரோமோசோம் (செல்லுக்குள் டிஎன்ஏவைச் சுமக்கும் இழை) சான்று. சிம்பன்சி, கொரில்லாவுக்கு 24 ஜோடி, நமக்கு 23. நமக்கும் அவற்றுக்கும் பொது மூதாதை இருந்தது உண்மையென்றால், நம்மிடம் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டியிருக்க வேண்டும். தேடினார்கள், நமது 2-ஆம் குரோமோசோமின் உள்ளே, வழக்கமாக முனைகளில் இருக்கும் டிஎன்ஏ வரிசை கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் பரிணாமத்துக்குப் பெரிய சிக்கல். வடிவமைப்பு வாதமோ எது கிடைத்தாலும் 'அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது' என்று சொல்லிவிடலாம். அப்புறம் அதை எப்படிச் சோதிப்பது?

வடிவமைப்பு வாதம் அறிவியல் அல்ல என்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 2005 டிசம்பர் 20 அன்று தீர்ப்பளித்தார்.