இறுகிப்போன ஃபிட்டிங்கும் ஊடுருவும் எண்ணெயும்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

கடற்கரையை ஒட்டிய ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். செஸ்னா 152, 172 ஆகிய சிறு விமானங்கள்தான் எங்கள் அன்றாடம். உப்புக் காற்றும் இஞ்சின் சூடும் மாறி மாறித் தாக்கும்போது எந்த மரையும் சில ஆண்டுகளில் இறுகிவிடும். அதனால் இறுகிய மரைக்குள் புகுந்து இளக்கும் ஊடுருவும் எண்ணெய் என்ற பெயரில் கடைக்கு வரும் பலவற்றையும் வாங்கிப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க்கு நாம் கொடுக்கும் புகழில் பெரும்பங்கு சூட்டுக்குச் சேர வேண்டியது.

மௌஸ் மில்க்கில் தொடங்குகிறேன். எட்டு அவுன்ஸ் பாட்டிலில் வரும் மெல்லிய எண்ணெய் இது. இன்றுவரை நான் நிறுத்தாமல் வாங்குவது இதைத்தான், அதுவும் முக்கியமாகப் புகைபோக்கி நட்டுகளுக்காக. எங்கள் விமானங்களில் இருக்கும் லைக்கமிங் நிறுவன இஞ்சினின் சிலிண்டர் தலை அலுமினியம். அதில் பதிந்திருக்கும் ஸ்டட், அதாவது நட் ஏறும் தலையில்லாத மரைக்கம்பி, எஃகு. நட் வராமல் ஸ்டட்டே மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால், ஐந்து நிமிட வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். இஞ்சின் ஓடி நின்று, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் நட்டின் அடியில் சில சொட்டு விட்டு, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுவேன். காலையில் இன்னொரு முறை விட்டபின் ஸ்பானரைத் தொடுவேன். முதல் அசைவு கழற்றும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கம், அதுவும் மயிரிழை அளவுதான். பிடிப்பு உடைந்தபின் முன்னும் பின்னுமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வெளியே எடுப்பேன். ஒரே மூச்சில் கழற்ற நினைப்பவர்களிடம் நான் ஸ்பானரைக் கொடுப்பதில்லை.

க்ரோயிலும் நல்ல எண்ணெய்தான். வாசனை கடுமை, மூடிய இடத்தில் வேலை செய்தால் தலை வலிக்கும். மௌஸ் மில்க்கோடு ஒப்பிட்டால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டபிள்யூடி-40 எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 1953இல் சான் டியாகோவில், ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவானது அது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. நானும் அதற்குத்தான் வைத்திருக்கிறேன். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் பாதிக்குப் பாதி கலக்கும் வீட்டு மருந்தைக் கைவிட்டுவிட்டேன். கலந்த சிறிது நேரத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. அதைவிட, ஒரு துளி அசிட்டோன் காற்றுத்தடுப்பின் அக்ரிலிக்கில் பட்டாலே மெல்லிய வெடிப்புகள் ஓடிவிடும். ஒரு நட்டைக் கழற்றுவதற்காகக் கண்ணாடியைப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை.

எண்ணெய் அடியோடு தோற்கும் இடம், இஞ்சின் எண்ணெயை ஆற்றும் ஆயில் கூலர். அலுமினியக் கூலரின் கழுத்தில் குழாயை இணைக்கும் எஃகு ஃபிட்டிங், அதுவும் சரிவு மரை. அங்குலத்துக்கு பதினாறில் ஒரு பங்கு விட்டம் குறுகும் மரை இது. உள்ளே போகப்போக உலோகம் உலோகத்தை நெரிக்கும். இடையில் இருக்கும் நுண்ணிய இடைவெளியையும் கசிவைத் தடுக்கத் தடவும் சீலன்ட் அடைத்துவிடும். எண்ணெயே வெளியே கசியாதபடி செய்த இணைப்புக்குள் வெளியிலிருந்து விடும் எண்ணெய் எப்படிப் போகும்? விளிம்பில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை நனைப்பதோடு சரி. இந்த ஒரு விஷயம் புரிந்தபின் என் எண்ணெய்ச் செலவு கணிசமாகக் குறைந்தது.

இங்கே வேலைக்கு ஆவது சூடான காற்றை ஊதும் ஹீட் கன். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வெளிக்கழுத்து அலுமினியம், உள்ளே எஃகு என்றால் கழுத்தைச் சுற்றிச் சூடு காட்டினால் பிடி தளரும். நீர்த்துளி விட்டால் சுரீரென்று ஆவியாகும் சூடு போதும். அதற்கு மேல் போனால் உலோகத்தின் பதம் கெட ஆரம்பிக்கும் பயம் உண்டு. அகச்சிவப்பு வெப்பமானியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கறுப்பு மார்க்கரால் ஒரு பொட்டு வைத்து அந்த இடத்தை அளப்பேன். பொருத்தம் தலைகீழாக, அதாவது எஃகு உடலில் அலுமினிய ஃபிட்டிங்காக இருந்தால் சூடு இன்னும் இறுக்கும். அப்போது ஃபிட்டிங்கைக் குளிர்விக்கும் ஸ்பிரேதான் வழி.

கூலரை விமானத்திலிருந்து இறக்கி, எண்ணெயை வடித்து, மேசையில் வைத்துத்தான் இதைச் செய்கிறேன். எரிபொருள் இணைப்புகளுக்கு ஹீட் கன்னைக் கிட்டவே கொண்டுபோவதில்லை. தொட்டி காலியானாலும் ஆவி மிச்சமிருக்கும். இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

இனி ஸ்பானர். குழாயின் முனையில் வரும் யூனியன் நட்டுகளுக்குச் சாதாரண திறந்தவாய் ஸ்பானர் போட்டால் மூலை மழுங்கும். ரிங் ஸ்பானரில் குழாய் நுழைய ஒரு வெட்டு விட்டது போன்ற ஸ்பானர் கிடைக்கிறது, அதுதான் வேண்டும். விலை கொஞ்சம் கூடத்தான். மலிவான ஒன்றில் வாய் விரிந்துகொடுத்ததால், நல்ல எஃகில் செய்ததை வாங்கினேன். இன்றும் அதேதான் ஓடுகிறது. ஃபிட்டிங்கின் உடலை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளாமல் நட்டைத் திருப்பவே கூடாது. விசை முழுவதும் குழாய்க்கும் கூலரின் வெல்டுக்கும் போய்விடும்.

தொடங்கும் முன் நட்டிலிருந்து குழாய் வரை மார்க்கரால் ஒரே கோடு இழுத்துவிடுவது என் வழக்கம். நட் திரும்பும்போது குழாயில் உள்ள கோடு அசையாமல் நின்றால் எல்லாம் சரி. கோடு உடையாமல் இரண்டும் சேர்ந்து நகர்ந்தால், முறுக்குவது நட்டை அல்ல, குழாயை. கைக்கும் அது தெரியும்: பிடிப்பு உடையும்போது "டக்" என்று ஒரு சிறு அதிர்வு வரும், குழாய் முறுகும்போது ரப்பரைத் திருப்புவது போல வழவழவென்று நெகிழும்.

மறுபடி பூட்டும்போது காட்டும் அக்கறைதான் அடுத்த முறைக் கழற்றலைத் தீர்மானிக்கிறது. ஸ்பார்க் பிளக்குக்கு மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை தடவும்போது எலக்ட்ரோடு பக்கத்து முதல் மரையை விட்டுவிடுவேன். லைக்கமிங் சொல்லும் 30 முதல் 35 அடி-பவுண்டுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான் இறுக்குவேன். முனை புனல் போல விரிக்கப்பட்ட 37 டிகிரி விரிமுனைக் குழாய்களில் வெளி மரைக்கு மட்டும் எண்ணெய் தொடுவேன். விரிமுனையின் முகத்துக்கு ஒன்றும் தடவுவதில்லை. எண்ணெய், எரிபொருள் வழிகளில் டெஃப்லான் டேப்பை அண்டவிடுவதில்லை. பிய்ந்த இழை எங்கே போய் அடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் அசையாத நட்டுகள் உண்டு. புகைபோக்கி நட்டாக இருந்தால் நட் பிளப்பான் என்ற கருவியால் அதைப் பிளந்து எடுத்துவிடுவேன். புது நட்டின் விலை ஒரு ஸ்டட் மாற்றும் செலவில் ஒரு துளி. யூனியன் நட்டைப் பிளப்பதற்கு முன்தான் கொஞ்சம் யோசிப்பேன். அந்த நட்டும் அதன் வளையமும் விரிமுனைக்குப் பின்னால் குழாயிலேயே சிக்கியிருக்கும். நட் போனால் குழாயை வெட்டி மறுபடி விரிக்க வேண்டும். நீளம் போதாவிட்டால் புதுக் குழாய்தான். ஆகவே உதிரிக் குழாய் கையில் இருக்கிறதா என்று ஸ்டோரில் கேட்டுவிட்டுத்தான் அந்த நட்டில் கை வைப்பேன்.