ஹேலியா, டிசான்டிஸா: சீட்டில் நான் எழுதிய பெயர்

2024 ஜனவரி 15, அமெரிக்காவின் அயோவா. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று கட்சிக்காரர்கள் கூடி வாக்களிக்கும் நாள். வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். பள்ளிக்கூடம் ஒன்றில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த துண்டுச் சீட்டில் நிக்கி ஹேலி என்று எழுதினேன். பக்கத்தில் மச்சான் ரான் டிசான்டிஸ் என்று எழுதினார். டிரம்ப்தான் ஜெயிப்பார் என்று இருவருக்கும் தெரியும். வரி, எல்லை, உக்ரைன் பற்றியெல்லாம் ஊரே பேசிவிட்டது. எங்களுக்குள் தகராறு பேச்சுரிமையில்தான்.

வம்பை இழுத்தவர் ஹேலியே. சமூக ஊடகத்தில் எழுதுகிற எல்லாரும் சொந்தப் பெயரில்தான் வர வேண்டும், முகம் தெரியாத கணக்குகள் தேசப் பாதுகாப்புக்கே ஆபத்து என்றார், 2023 நவம்பரில். டிசான்டிஸ் சும்மா விடுவாரா? நாட்டை நிறுவிய தலைவர்களான ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் அரசமைப்புக்கு ஆதரவு திரட்டிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளைப் புனைபெயரில்தானே எழுதினார்கள் என்று கேட்டார். 85 கட்டுரைக்கும் 'பப்ளியஸ்' என்ற ஒரே பெயர்தான். இன்னொரு போட்டியாளர் விவேக் ராமசாமியும் (தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை) சேர்ந்து சாத்தினார். சட்டமும் அவர்கள் பக்கமே: பெயர் போடாமல் துண்டறிக்கை விடும் உரிமையை உச்ச நீதிமன்றம் 1995-லேயே மெக்கின்டயர் வழக்கில் உறுதிசெய்துவிட்டது. மறுநாளே ஹேலி பல்டி அடித்தார். அமெரிக்கர்கள் பெயரில்லாமல் எழுதட்டும், ரஷ்ய, சீன, ஈரானியக் கணக்குகள்தான் பிரச்சினையாம்.

அப்புறம் ஏன் ஹேலி? அதிகாரம் கையில் இருந்தபோது, தனக்கு எதிராகப் பேசியவரை என்ன செய்தார் என்பதை மட்டும்தான் பார்த்தேன். டிசான்டிஸ் அப்போது ஃபுளோரிடாவின் ஆளுநர். சின்ன வகுப்புகளில் பாலின அடையாளம் பற்றிப் பாடம் நடத்தத் தடைபோட்ட அவருடைய சட்டத்தை 2022 மார்ச்சில் டிஸ்னி எதிர்த்தது. ஏப்ரலிலேயே, 1967 முதல் டிஸ்னியின் கைக்குள் இருந்த ரீடி கிரீக் மாவட்டத்தை (டிஸ்னி பூங்கா இருக்கும் நிலத்தைத் தானே நிர்வகிக்கக் கொடுத்த சிறப்பு அமைப்பு) கலைக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மறுவருடம் அதன் வாரியத்தில் ஆளுநரின் ஆட்கள் உட்கார்ந்தார்கள். "கொடுத்த சலுகையை எடுத்தார், இதில் பேச்சுரிமை எங்கே வந்தது?" என்பார் மச்சான். சரி, சலுகைதான். அரை நூற்றாண்டு உறுத்தாத சலுகை, டிஸ்னி வாயைத் திறந்த அடுத்த மாதமே உறுத்தியது எப்படி? 2022-லேயே வந்த 'ஸ்டாப் வோக்' சட்டம், இனம், பாலினம் பற்றிப் பேராசிரியர் வகுப்பில் என்ன பேசலாம் என்பதிலும் கைவைத்தது. நவம்பரில் நீதிபதி மார்க் வாக்கர் அந்தப் பகுதிக்குத் தடை விதித்தார். ஹேலியின் உளறல் ஒரே நாளில் முடிந்துபோனது. டிசான்டிஸ் போட்ட சட்டங்களுக்கோ வக்கீல் வைத்து, வாய்தா வாங்கி, வருடக்கணக்கில் அலைய வேண்டும்.

பழிவாங்கினார் என்று டிசான்டிஸ் மீது டிஸ்னி போட்ட வழக்கை அந்த ஜனவரிக் கடைசியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது உண்மை. மச்சான் உடனே செய்தியை அனுப்பிவைத்தார். ஹேலியும் சொக்கத் தங்கம் இல்லை. இஸ்ரேல் புறக்கணிப்பை மனதில் வைத்து, புறக்கணிக்கும் நிறுவனங்களுக்கு அரசு ஒப்பந்தம் தராத சட்டத்தில் 2015-ல் தென் கரோலினா ஆளுநராகக் கையெழுத்திட்டவர். அந்த மாநிலத்தில் நான் இருந்ததில்லை, அதன் சூடு எனக்குப் படவில்லை.

முடிவில் டிரம்ப் 51 சதவீதம், டிசான்டிஸ் 21, ஹேலி 19. அன்று சீட்டை மடிக்கும்போது மச்சான் எட்டிப் பார்த்தார். "மாப்ளே, உங்க ஆளு சொன்னபடி பார்த்தா, கீழே உங்க பேரையும் எழுதணுமே?"

எழுதாமல்தான் போட்டேன்.