மெனுவில் எழுத்துப்பிழை, மூலக் கோப்பு இல்லை: டிவிடியைத் திருத்த எந்த வழி மேல்?

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து வீடுகளில் பழைய திருமண, திருவிழாப் படங்கள் இன்னும் டிவிடியாகவே இருக்கின்றன. அவற்றைத் தொகுத்த ஸ்டுடியோவில் ப்ராஜெக்ட் கோப்புகள் அழிக்கப்பட்டிருக்கும். இல்லையெனில் உப்புக்காற்றில் கணினியே பழுதாகியிருக்கும். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் புதுப் பிரதி போடும்போது, மெனுவின் தலைப்பில் ‘கீளக்கரை’ என்றிருப்பது கண்ணில் பட்டால், வட்டில் உள்ளதை வைத்தேதான் திருத்தியாக வேண்டும்.

வழியைத் தேர்வதற்கு முன் பிழை எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டிவிடி மெனு என்பது ஒரே படம் அன்று. அடியில் எம்பெக்-2 என்னும் சுருக்கிய வடிவ வீடியோவாகப் பின்னணி. அதன்மேல், பொத்தானைத் தேர்ந்தெடுக்கும்போது ஒளிரும் நான்கே நிறங்கள் கொண்ட துணைப்படம். இவற்றுக்கு அப்பால், எந்தப் பொத்தான் எங்கே போகும் என்னும் கட்டளைகள். ‘நிக்காஹ்’ என்ற பொத்தானை அழுத்தினால் விருந்துக் காட்சி ஓடுகிறது என்றால் பிழை கட்டளையில்தான் இருக்கிறது. பிஜிசிஎடிட் என்னும் இலவச மென்பொருளில் அதைத் திறந்து இலக்கை மாற்றினால் போதும், படத்தைத் தொடவே வேண்டாம்.

எழுத்துப்பிழைக்குப் பலரும் முதலில் நினைப்பது முழு மறுகட்டுமானத்தை. பிஜிசிடிமக்ஸ் கொண்டு படத்தையும் ஒலியையும் தனித்தனியே பிரித்தெடுத்து, டிவிடிஸ்டைலர் போன்ற ஒன்றில் புது மெனு அமைக்கலாம். மறுபடி என்கோடு செய்யாமல் அப்படியே நகலெடுக்கும்படி அமைத்தால் படத்தின் தரம் குறையாது. இதைக் கவனிக்காமல் விட்டு, ஏற்கெனவே சுருக்கப்பட்ட படத்தை மீண்டும் சுருக்கிக் கெடுப்பவர்களே அதிகம். அத்தியாயப் புள்ளிகளையும் பொத்தான்களையும் புதிதாக அமைக்க வேண்டியிருப்பதோடு, பழைய மெனுவின் தோற்றமும் போய்விடும். பொத்தான்களைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் ஒழிய, ஓர் எழுத்துக்காக இவ்வளவு வேலை தேவையில்லை என்பதே என் கருத்து.

பின்னணியை மட்டும் மாற்றுவதே இதற்குப் பொருத்தமானது. அசையாத மெனுவாக இருந்தால் அந்த ஒரு ஃபிரேமைப் படமாக எடுத்து, ஜிம்ப் என்னும் பட மென்பொருளில் திருத்தி, மீண்டும் எம்பெக்-2 ஆக்கிப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். நம் நாட்டில் வழங்கும் ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறையில் ஃபிரேமின் அளவு 720க்கு 576. திரையில் விரிந்து தெரிகிறதே என்று இந்த அளவை மாற்றிவிடக் கூடாது. புதிதாகத் தட்டச்சிட்டால் ஸ்டுடியோ பயன்படுத்திய பழைய எழுத்துரு கிடைப்பது அரிது. அதனால் அதே மெனுவில் அதே அளவிலும் நிறத்திலும் ‘நிகழ்ச்சிகள்’ என்ற சொல் இருந்தால், அதிலுள்ள ‘ழ்’ எழுத்தை வெட்டியெடுத்து, புள்ளியை அழித்து, ‘ள’ இருந்த இடத்தில் ஒட்டுவது நல்லது. வடிவமும் ஓரத்து மங்கலும்கூடப் பொருந்திவிடும். பிழை தலைப்பில் இல்லாமல் பொத்தானில் இருந்தால் ஒரு பொறி உண்டு. துணைப்படம் எழுத்தின் வடிவிலேயே வரையப்பட்டிருந்தால், பின்னணியைத் திருத்திய பிறகும் பொத்தானைத் தேர்ந்தவுடன் பழைய ‘ள’ மஞ்சளாக மேலே ஒளிரும். அப்போது டிவிடிசப்எடிட்டில் துணைப்படத்தையும் திருத்த வேண்டும். படமும் ஒலியும் அடங்கிய விஓபி கோப்பின் நீளம் மாறினால், எது எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஐஎஃப்ஓ கோப்பில் உள்ள செக்டர் முகவரிகள் (வட்டில் இடத்தைக் காட்டும் எண்கள்) பொருந்தாமல் போகும் என்பதால், கோப்பைக் கையால் மாற்றி வைக்காமல் டிவிடிரீமேக் ப்ரோ அல்லது விஓபிபிளாங்கர் வழியாகவே மாற்ற வேண்டும். பின்னணி அசையும் மெனு என்றால் சுழற்சியின் எல்லா ஃபிரேம்களிலும் ஒட்டுப் போட வேண்டியிருக்கும். உழைப்பு பல மடங்கு.

அவசரமென்றால் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. வட்டைப் போட்டவுடன் மெனுவுக்குப் போகாமல் நேராகப் படத்துக்குப் போகும்படி பிஜிசிஎடிட்டில் முதல் கட்டளையை மாற்றிவிடலாம். ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்தினால் பிழை மறுபடி தெரியும் என்பதால், இதைத் திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்த வழியானாலும் ஐஎஃப்ஓவும் அதன் நகலான பியுபியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, முதலில் அழித்தெழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டில் எழுதி, கணினியில் மட்டுமன்றி வீட்டு பிளேயரிலும் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்க்க வேண்டும்.