அல்கோன்குவின் கனூ ட்ரிப்: வாடகைக் கடையைப் பற்றி ஒரு ரிவியூ

போன செப்டம்பர் நாங்கள் நாலு பேர் கனடாவில ஸ்காபரோவில இருந்து, காடும் லேக்குமா இருக்கிற அல்கோன்குவின் பார்க்குக்கு நாலு நாள் கனூ (துடுப்பு வள்ளம்) ட்ரிப் போனனாங்கள். வழியில இருக்கிற ஒரு கடையிலதான் ரெண்டு வள்ளம், துடுப்பு, லைஃப் ஜாக்கெட், சாப்பாடு வைக்கிற நீல பரல் எல்லாம் வாடகைக்கு எடுத்தது. கடைப் பேர் வேணுமெண்டுதான் போடேல்லை, கீழ வாசிச்சா விளங்கும்.

முதல்ல ஒண்டு, காசைப் பாக்காம கெவ்லார் (பாரம் குறைஞ்ச நார்ப்பொருள்) வள்ளம் எடுங்கோ. நாங்கள் நாளுக்கு 15 டொலர் மிச்சம் பிடிக்கப்போய் ஒண்டு கெவ்லார், ஒண்டு பிளாஸ்டிக் எண்டு எடுத்தம். கெவ்லார் 42 றாத்தல், மற்றது 75க்கு மேல. கடையில ரெண்டு பேர் சேந்து காருக்கு மேல ஏத்தேக்க வித்தியாசம் தெரியேல்லை, "இதென்ன மச்சான் பாரம், ரெண்டு அரிசி மூட்டை" எண்டு சிரிச்சவன்தான் ரெண்டாம் நாள் வாய் திறக்காம நிண்டவன்.

கடைக்காரர் நல்ல மனுசன், அதைச் சொல்லத்தான் வேணும். சாப்பாட்டைக் காட்டச் சொல்லிப் பாத்திட்டு எங்கட ஆறு டின்மீனையும் வெளிய எடுத்து வைச்சிட்டார். பார்க்கின்ர உள்பக்கத்துக்கு டின்னும் போத்திலும் கொண்டுபோகத் தடையாம், எங்களுக்கு ஆர் சொன்னது! பேந்தென்ன, பார்க்கிங்கிலயே அடுப்பு மூட்டி ஆறையும் உடைச்சு வெங்காயம் மிளகாய் போட்டுப் பிரட்டி பிளாஸ்டிக் டப்பாவில அடைச்சம், போறவாற வெள்ளையள் எல்லாம் மணத்துக்கு நிண்டு பாத்திட்டுப் போகுதுகள். மேப்பில பென்சிலால எந்த இடத்தில காத்துக் குறைவு எண்டும் கீறித் தந்தவர். மஞ்சள் போர்ட் கண்டா போர்ட்டேஜ் (வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பாதை), ஒரேஞ்ச் போர்ட் கண்டா டென்ட் அடிக்கிற இடம், பரலுக்குள்ள வைச்சாலும் கரடிக்காக மரத்தில உயர்த்திக் கட்டுங்கோ எண்டு எல்லாம் ஆறுதலாச் சொன்னவர்.

இனி அந்த ரெண்டாம் நாள். முதல் இரவு ரகிட் லேக்கில தங்கினம். விடிய எழும்பினா தண்ணிக்கு மேல புகார், எங்கயோ ஒரு லூன் கத்துது, எங்கட ஒரு டொலர் குத்தியில இருக்கிற அதே பறவை. செப்டம்பர் எண்டபடியா நுளம்பும் இல்லை, ஜூனில போனவையைக் கேட்டுப் பாருங்கோ. அங்கயிருந்து பிக் போர்க்குபைன் லேக்குக்கு 590 மீட்டர் போர்ட்டேஜ், அதாவது வள்ளத்தைத் தலைக்கு மேல கவிட்டுக்கொண்டு காட்டுக்குள்ளால நடந்து அடுத்த லேக்கில இறக்கிறது. 590 மீட்டர் தானே, வீட்டில இருந்து தமிழ்க்கடைக்குப் போற தூரம் எண்டு நினைச்சம். சரியான ஏத்தம். அதோட எல்லாத்தையும் ஒரே தரத்தில கொண்டுபோக ஏலாது, ஒருக்கா வள்ளம், திரும்பி வந்து பாக், அப்ப மூண்டு தரம் நடை, மொத்தம் 1,770 மீட்டர்.

பாதி ஏத்தத்தில பிளாஸ்டிக் வள்ளத்தின்ர தோளில வைக்கிற குறுக்குக் கட்டை ஒரு பக்கம் கழண்டு போச்சு. ஸ்க்ரூ லூஸா இருந்திருக்கு. தூக்கினவனுக்குப் பிடரியில நல்ல அடி, நல்லகாலம் வள்ளம் பக்கவாட்டில சரிஞ்சுது. சட்டப்படி வள்ளத்தில 15 மீட்டர் மிதக்கிற கயிறு ஒண்டு இருக்கவேணும், தண்ணியில விழுந்தவனுக்கு எறியிறதுக்கு, அதை வைச்சுத்தான் கட்டையை இறுக்கிக் கட்டி மிச்சத்தை ஏறினது. கெவ்லாரோட வந்த ரெண்டு பேரும் அதுக்குள்ள மற்றப் பக்கம் போய் தேத்தண்ணி வைச்சிட்டினம்.

கெவ்லாருக்கும் ஒரு கரைச்சல் இருக்கு, சொல்லாம விடக்கூடாது. கல்லில இழுக்க ஏலாது, கரைக்கு வர முதலே முழங்கால் தண்ணியில இறங்கித் தூக்கவேணும். சப்பாத்து நாலு நாளும் காயேல்லை. அப்பிடி இருந்தும் அடுத்த முறை ரெண்டும் கெவ்லார்தான்.

பின்னேரம் பிக் போர்க்குபைனில பென்சில் கீறின இடத்திலயே டென்ட் அடிச்சு, காத்தில்லாம, டின்மீன் பிரட்டலோட பாணைச் சாப்பிட்டம். அதுக்காக அந்தாளுக்கு 5க்கு 4 குடுக்கலாம் எண்டுதான் இருந்தனான்.

வள்ளம் திருப்பிக் குடுக்கேக்க கெவ்லாரின்ர அடியைக் கையால தடவிப் பாத்தார், ரெண்டு மூண்டு கீறல், "அது வழமை" எண்டு காசு கேக்கேல்லை. கழண்ட கட்டையைக் காட்டினன், சொறி சொன்னவர், டெபாசிட்டும் முழுக்கத் தந்தவர். சரியெண்டு காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிடேக்க திரும்பிப் பாக்கிறன், எங்கட கயிறு கட்டினபடியே அந்த வள்ளம் வாடகைக்குக் குடுக்கிற வரிசையில கிடக்கு. 5க்கு 2.